பெட்டி இருக்கும் ஊரிலிருந்து வந்தவன்

சங்கராபுரத்துக்கு வடக்கே உள்ள அந்தச் சின்ன ஊர்க்காரர்களுக்கு, எத்தியோப்பியாவில் அக்சும் என்றொரு நகரம் இருப்பதே ஜோஸ்வா அங்கே வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

ஜோஸ்வா கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளை. அப்பா சேவியர்ராஜ், மணலூர்பேட்டைப் பக்கம் ஆற்றோர வயல்களில் வெட்டுக்குப் போனவர், பாரம் ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து அதன் அடியில் செத்தார். அம்மா பாக்கியம் நடவு நட்டும் களையெடுத்தும் அவனையும் தங்கை ஜூலியாவையும் படிக்க வைத்தாள். இயற்பியலில் முதுகலை முடித்த ஜோஸ்வா, சின்னசேலம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சில வருஷம் பாடம் எடுத்தான். கூட வேலை பார்த்த ஒருவர் எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் இந்திய ஆசிரியர்களை எடுக்கிறார்கள் என்று சொல்ல, எழுதிப் போட்டான். கிடைத்த ஊர் அக்சும்.

அவன் போன மாதமே பாக்கியத்துக்குச் சபையில் முன்வரிசைப் பாய் கிடைத்தது. காரணம் வெளிநாட்டு வேலை மட்டுமல்ல. பாஸ்டர் சாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கிச் சொன்னார். கர்த்தரின் பத்துக் கட்டளைகளை எழுதிய கற்பலகைகளை வைப்பதற்காக மோசேயின் காலத்தில் செய்த உடன்படிக்கைப் பெட்டி, எருசலேம் ஆலயம் இடிபட்ட காலத்தோடு காணாமல் போனது. அது எங்கே போனதென்று வேதத்தில் இல்லை. ஆனால் தங்கள் கோயிலுக்குள் அது பத்திரமாக இருக்கிறது என்று அக்சும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள்.

"நம்ம பாக்கியம்மா மகன் இப்ப அந்த ஊர்லதான் இருக்காரு" என்று அவர் முடித்தபோது எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து போனில் சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த கேள்வி அதுதான்.

"இன்னாடா, பாத்தியா?"

"யாரும் பாக்க முடியாதும்மா. கம்பி வேலி போட்டு உள்ள ஒரு சின்ன கட்டடம். ஒரே ஒரு சாமியார் காவலுக்கு. அவரு சாகற வரைக்கும் வெளிய வர மாட்டாரு."

"அப்ப இருக்குது" என்பாள் பாக்கியம்.

அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தெஸ்ஃபாயும் அதையேதான் சொன்னார். மினிபஸ் ஓட்டுகிறவர், பெருத்த சிரிப்புக்காரர். மனைவி லெத்தாய், மகள் ஹெலன். ஹெலன் ஜோஸ்வாவின் வகுப்பிலேயே படித்தாள். மாலையில் லெத்தாய் காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அவனையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அவன் ஒருமுறை கேட்டான், பார்க்காமல் எப்படி நம்புகிறீர்கள் என்று. ஹெலன் மொழிபெயர்க்க, தெஸ்ஃபாய் சிரித்தார். ஒன்றும் இல்லாத வீட்டுக்கு யாராவது சாகும்வரை காவல் இருப்பார்களா என்றார். இயற்பியல் படித்தவனுக்கு அது சான்று அல்ல. ஆனால் அந்தக் காப்பி வாசனைக்கு நடுவில் எதிர்த்துப் பேசவும் தோன்றவில்லை.

கொரோனா வந்து விமானங்கள் நின்ற வருஷம் அவனால் விடுமுறைக்கு வர முடியவில்லை. நவம்பரில் அங்கே போர் வந்தது. முதலில் போன் செத்தது, பிறகு கரண்ட், பிறகு தண்ணீர். மாதக் கடைசியில், கோயில் திருவிழா நெருங்கிய நேரத்தில், துப்பாக்கிக்காரர்கள் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை வெளியே இழுத்தார்கள். பெட்டியைத் தூக்கிப்போக வருகிறார்கள் என்று ஒரு பேச்சு தெருவில் ஓடியது. மெய்யா பொய்யா என்று அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை. தெஸ்ஃபாய் கதவுக்குப் பின்னால் இருந்த தடியை எடுத்தார். ஜோஸ்வா அவர் கையைப் பிடித்தான். அரைகுறையாகக் கற்ற அவர்கள் பாஷையில், வேண்டாம், மகள் இருக்கிறாள் என்றான். அவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார், கோபமில்லாமல், சின்னப் பிள்ளையின் கையை விலக்குவதுபோல. பிறகு ஓடினார்.

கோயில்வரை அவர் போகவே இல்லை. தெருமுனையிலேயே கிடந்தார். எடுக்கப் போனவர்களையும் சுட்டதால் யாரும் கிட்டப் போகவில்லை. வெடிச்சத்தம் தூரப் போன பிறகுதான், அண்டை வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கினார்கள். ஜோஸ்வா கால்மாட்டைப் பிடித்தான். தெரு ஏற்றமாக இருந்ததால் உடம்பு சரிந்து சரிந்து அவன் பக்கமே வந்தது. அந்தக் கனம் அவன் தோளை விட்டு அப்புறம் இறங்கவே இல்லை. ஊரில் கதவு கழற்றாத தெரு இல்லை அன்றைக்கு.

பனிக்காலம் முடியுமுன் எப்படியோ ஒரு லாரியில் தொற்றி, தலைநகரம் வந்து, ஊர் சேர்ந்தான். பாக்கியம் அவனைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். பாதியாய் இளைத்திருந்தான். அடுத்த நாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சண்டை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தையில் எல்லோரும் பெட்டிக்கு வந்தார்கள்.

"சண்டையில பெட்டிக்கு ஒண்ணும் ஆவலியே தம்பி?"

தெரியாது என்பான். அவன் அடக்கமாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷக் கடைசியில் சங்கராபுரத்தில் மூன்று சபைகள் சேர்ந்து நற்செய்திக் கூட்டம் போட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டிய பேனரில், இரண்டு தேவதூதர் சிறகு விரித்த பொன்பெட்டி. பக்கத்தில் ஜோஸ்வாவின் முகம். கீழே 'பெட்டி இருக்கும் ஊரிலிருந்து நேரடிச் சாட்சி'. அவனைக் கேட்காமலே போட்டிருந்தார்கள். அவன் மாட்டேன் என்றதும் பாஸ்டர் சாம் வீட்டுக்கே வந்தார். கெட்ட மனிதரல்ல. சேவியர்ராஜை அடக்கம் பண்ணியபோது மழையில் நின்று குழி வெட்டியவர்.

"நீ பாத்தத சொன்னா போதும் தம்பி. ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம்."

"பாத்ததயா?"

"பாத்ததத்தான்."

போனான். மைதானம் நிறைய ஜனம். அம்மாவும் ஜூலியாவும் முன்னால் நாற்காலியில். மைக்கைப் பிடித்ததும் அவன் குரல் தணிந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"பெட்டி இருக்குதான்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. அங்க இருக்கிறவங்களும் பாக்கல. நான் குடியிருந்த வூட்டுக்காரரு அதைக் காப்பாத்தணும்னு ஓடினாரு. தெருமுனையில சுட்டுட்டாங்க. அவரை நாங்க கதவுல வெச்சுத் தூக்கினோம். மாடு எடறி விழப் பாத்த பெட்டியக் கை நீட்டிப் புடிச்ச ஊசாவ கர்த்தர் அங்கியே அடிச்சுக் கொன்னாருன்னு வேதத்துல படிக்கிறோம். அத்தினி பேரச் சுட்டவங்கள எதுவும் அடிக்கல. சிகரெட் புடிச்சிக்கினு நின்னாங்க. நான் பாத்தது அதுதான்."

எங்கோ ஒரு குழந்தை அழுதது. கீபோர்டுக்காரர் தானாகவே ஒரு பாட்டைத் தொடங்கினார். பாஸ்டர் வந்து அவன் தோளை அணைத்து மைக்கை வாங்கினார். "தம்பி மனசு ரொம்ப உடைஞ்சிருக்கு. அவருக்காக ஜெபிப்போம்."

விசுவாசத்தைத் தொலைத்துவிட்டு வந்தவன் என்று பேர் வந்தது. ஜூலியாவைப் பார்த்துவிட்டுப் போன சின்னசேலத்து மாப்பிள்ளை வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். பாக்கியம் சொன்னாள்.

"இருக்குதுன்னு ஒரு வார்த்த. சொல்லியிருந்தா வாயில இருந்து முத்தா உதுந்துடும்?"

அதோடு அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு இருக்குது, குழம்பு இருக்குது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

பழைய கல்லூரியில் இடமில்லை என்றார்கள். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி, விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. திங்கள் காலை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவான். அங்கே யாருக்கும் உடன்படிக்கைப் பெட்டி தெரியாது. வாட்ச்மேன் இருசப்பன் ஒருநாள் டீயை வைத்துவிட்டுக் கேட்டான்.

"வெளிநாட்டுல இருந்தீங்களாமே சார். இன்னாத்துக்கு வந்துட்டீங்க?"

"சண்டைங்க."

"உங்க ஆளுங்க யாராச்சும் செத்துட்டாங்களா?"

ஊர் திரும்பிய பிறகு அதை அவனிடம் கேட்டவர் யாரும் இல்லை. ஜோஸ்வா டீயைப் பார்த்தபடி, "ஒருத்தர். தெஸ்ஃபாய்னு பேரு" என்றான். இருசப்பனுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. "என் தம்பியையும் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிக்கினு போனாங்க சார். எங்க பொதச்சாங்கன்னுகூட தெரியல" என்று சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தப் போனான்.

அக்சுமுக்கு மறுபடி போன் கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாக்கியம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. ஹெலன். குரல் மாறியிருந்தது. படிப்பு நின்றுபோயிருந்தது. அம்மா பேச வேண்டும் என்றாள்.

லெத்தாய் முதலில் அவன் அம்மா சுகமா என்று கேட்டாள், தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாள். பிறகு நிறுத்தாமல் எதையோ சொன்னாள். பாதி அவனுக்கே புரிந்தது. மீதியை ஹெலன் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பெட்டி பத்திரமாக இருக்கிறதாம். யாராலும் தொட முடியவில்லையாம். அப்பா போனது வீண் இல்லை என்கிறாள். நீங்கள் கூட இருந்தவர். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள் என்று கேட்கிறாள்."

ஜோஸ்வா சுவரில் சாய்ந்தான். தெருமுனைக்கும் கோயிலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். தெஸ்ஃபாய் ஓடியதும் ஓடாததும் அந்தக் கட்டடத்துக்கு ஒன்றுதான் என்றும் தெரியும். அந்தப் பக்கம் லெத்தாய் மூச்சுவிடுவது கேட்டது.

அவர்கள் பாஷையிலேயே சொன்னான். "ஆமாம். இருக்கிறது. அவர்தான் காப்பாற்றினார்."

அவள் அழுதுகொண்டே அவனை ஆசீர்வதித்தாள். லைன் அறுந்தது. ஜோஸ்வாவுக்கு நெஞ்சு லேசாகவில்லை. பொய் சொன்ன வாய் கசந்தது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

பாக்கியம் கீரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு அது? அழுவுற சத்தம் கேட்டுது."

"நான் இருந்த வூட்டம்மா."

"இன்னா கேட்டாங்க?"

"பெட்டி இருக்குதான்னு."

"இன்னா சொன்ன?"

"இருக்குதுன்னேன்."

பாக்கியத்தின் முகத்தில் அவன் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதைக் கவனித்தாள். டிராக்டர் கவிழ்ந்த அன்று, சேவியர்ராஜ் கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று அவளிடம் வந்து சொன்ன ஆட்களும் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மனுசன் எப்பிடிரா செத்தாரு? சொல்லு."

ஜோஸ்வா சொல்லத் தொடங்கினான்.