அவரவர் பெயரில் உள்ளே வரட்டும்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு வெடிமருந்து என்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். ஆபீஸ் முழுக்க ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட். அதைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மாற்றலாம் என்று இரண்டு முறை சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மதியம் மருந்து செலுத்தும் அறையில் தீப்பற்றியது. சட்டப்படி நான்கு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் ஓடித் தப்பினார்கள். ஓர் அக்காவுக்கு வலது கை வெந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு அவர் என் மேசைக்கு வந்தார்.

"அன்னைக்கு நான் வேலைக்கே வரலன்னு சொல்றாகம்மா. அப்ப இந்தக் கை எங்கன வெந்துச்சாம்? எம்பேர அழிச்சது ஆரு?"

திரையில் அன்றைக்கு அந்த அறையில் நான்கு பெயர்களே இருந்தன. அழித்தது யார் என்று தேடினால் அந்தப் பொது யூசர்தான் வந்தது. அந்தப் பெயரில் நானும்தான் தினமும் உள்ளே போகிறேன்.

தீப்பற்றிய அன்று காலை எடுத்து வைத்த பேக்கப் நகலைத் திறந்தேன். ஆறு பெயர்களும் இருந்தன. பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜரான அவர் தம்பியும் அங்கே இருந்தார்.

"முடிஞ்சதக் கிண்டாதம்மா" என்றார் தம்பி.

"அழிச்சது ஆருன்னு தெரியலன்னா, நாளைக்கு நாந்தான்னு கூடச் சொல்வீக அண்ணாச்சி."

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். "அழிச்ச ரெண்டு பேரையும் திருப்பிப் போடு."

"போட்டுட்டுத்தான் வந்தேன் மொதலாளி. பொதுப் பாஸ்வேர்டையும் எடுக்கப் போறேன்."

அவர் மறுக்கவில்லை. அந்த வாரமே ஓ-ஆத் (OAuth) என்ற உள்நுழைவு முறைக்கு மாற்றினேன். இப்போது ஒவ்வொருவரும் தம் கம்பெனி மெயிலில், செல்லுக்கு வரும் எண்ணைப் போட்டு நுழைய வேண்டும். ஒரு மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, கிடைக்கும். அந்த டோக்கனைச் சரிபார்த்த பிறகே டேட்டாபேஸ் கதவைத் திறக்கும். யார் எதைத் தொட்டாலும் அவர் பெயர் பதிவாகிவிடும்.

தீபாவளி சீசனில் மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எட்டாம் நம்பர் ரூம்ல ஆறு பேரு இருக்காக. நாலுன்னு போடணும். ஒன் லாகின்ல போட்டுரும்மா."

"முடியாது அண்ணாச்சி. உங்க பேர்ல நீங்களே போடுங்க."

"நான் ஆருன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும். டேட்டாபேஸுக்கும் தெரியணும்ல."

மெயிலை அடித்தார். செல்லில் எண் வந்து விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், போர்மேனைக் கூப்பிட்டு, "எட்டுலருந்து ரெண்டு பேர வெளிய அனுப்புலே" என்று கத்தினார்.

அந்த அக்கா இப்போது லேபிள் ஒட்டும் பகுதியில் இருக்கிறார். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மேனேஜர் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.