உப்பு ஏறிய தொட்டி

"...வத்துறது தண்ணிதான தம்பி, உப்பு எங்க போகும்? அது அங்கனயேதான் உக்காந்திருக்கும். மீன் வளக்குற மேதாவிக்கு இது தெரியாதாக்கும்?" என்றார் வீட்டுக்கார அக்கா. என் கண்ணாடித் தொட்டிக்குள் விட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மாடியிலிருந்து கீழே துப்பினார்.

அருப்புக்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருந்தேன். அவருக்கு என்னை ஒருநாளும் பிடித்ததில்லை. எனக்கு அவர் பேச்சு பிடிக்கும். திட்டு வாங்கும்போதே மனதில் குறித்துக்கொள்வேன்.

இரண்டடித் தொட்டி, மதுரையில் வாங்கியது. உயிருள்ள பவளம் விற்கக் கூடாது என்று கடைக்காரர் சிமென்ட்டில் வார்த்த பவளப்பாறைகளைக் கொடுத்தார். கேன் தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, தண்ணீர் பக்குவப்படட்டும் என்று ஒரு மாதம் மீனே விடாமல் மோட்டாரை ஓடவிட்டேன். "வெறுந் தண்ணிக்கு லைட்டு போட்டுக் காவல் காக்குறாக" என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிறகுதான் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் வந்தன.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அவர் பிறந்த வீட்டுக் கிணறு உப்பேறித்தான் பருத்தி பட்டுப்போனது. "ஊரே உப்ப எடுக்க மிஷினு மாட்டுது. இவுக காசு குடுத்து உப்பு வாங்கி நல்ல தண்ணியில கொட்டுறாக. வயிறு எரியுமா எரியாதா?"

குழாயில் நல்ல தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறைதான். அது கீழே தரைத்தொட்டியில் நிற்கும். "ஆட்டுக்கே அளந்துதான் ஊத்துறேன். ஒங்க மீனுக்கு அதுல ஒரு செம்பு போச்சுன்னா சாமானக் கட்டிருங்க. போர் தண்ணி கெடக்குல்ல, அத ஊத்துங்க" என்று மீன் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கடல் மீனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும், உப்புக்கு உப்பும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். சித்திரை வெயிலில் தொட்டி தினமும் விரற்கடை வற்றியது. தினமும் போர் தண்ணீரால் நிரப்பினேன். மூன்றாவது வாரம் ஒரு மீன் செத்து மிதந்தது. செய்தி கேட்டுத்தான் அக்கா மேலே ஏறி வந்தார். துக்கம் விசாரிக்க அல்ல.

மற்றது பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"கோடையில எங்க கெணத்த இப்பிடித்தான் நாக்குல வச்சுப் பாப்போம்" என்றார். "உப்புத் தண்ணி வத்துற எடத்துல உப்புத் தண்ணியவே ஊத்துனா எந்த உசுரு தாங்கும்? நல்ல தண்ணி ரெண்டு கொடம் விட்டா இது பொழைக்கும்."

கேன் வண்டி மறுநாள்தான் வரும். என் வீட்டில் குடிக்க ஒரு செம்புதான் இருந்தது.

"அக்கா, அந்த ரெண்டு கொடத்த நீங்களே குடுங்க. சாயங்காலம் வரைக்கும்கூட அது தாங்காது."

"எங்க கெணத்துக்கு எவன் குடுத்தான் ரெண்டு கொடம்?"

படியிறங்கினார். குடத்தை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். தரைத்தொட்டி மூடியைத் திறந்து ஒரு குடம் மொண்டார். நான் என் குடத்தை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஆட்டுச் சட்டியில் அது வழிய வழிய ஊற்றினார். திரும்பி வந்து மூடியைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.