டாக்டரம்மா என்று பெயரெடுத்த கடைக்காரி

என் வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று அவள் கையில் அளவு நாடா இருந்தது. பெயர், ஊர், வேலை ஒன்றும் சொல்லாமல் நேராகப் போய்ச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னால் வந்த அவள் புருஷன்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா, அவ இப்படித்தான். இடம் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்" என்றான்.

இடம் யாருக்கும் பிடிக்கும். வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். மலைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் இங்கே நின்று, என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றி, சூடு ஆறிய பிறகுதான் மேடேறும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அந்த அறையில் சைக்கிள் பழுது பார்த்தார். அவருக்குப் பிறகு பூட்டியே கிடந்தது. ஆனால் அவள் வைக்கப்போகிற கடை என்னவென்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஆரோக்கிய உணவுக் கடைம்மா. தீட்டாத தானியம், விதைங்க, தேன், தவிட்டு ரொட்டி, வேர்க்கடலையை வெண்ணெய் மாதிரி அரைச்சது. வெள்ளைச் சர்க்கரை கிடையாது, கலர் கிடையாது."

"யாரு வாங்குவா?"

"எல்லாரும்."

நான் வேலைக்காலம் முழுக்க வார்டில் நர்ஸாக இருந்தவள். நாளைக்கே எழுந்து ஓடுவேன் என்று சொல்கிற நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் ஓடவும் செய்தார்கள். அதனால் சாவியைக் கொடுத்தேன்.

அவள் நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவள். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு வருகிறவர்களின் மருத்துவ விவரங்களைப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்கிற பிரிவு. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் நோயைப் படிப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் அவள் மேசைக்கு வந்தது பக்கத்து நாற்காலிக்காரரின் விவரம். மேசை இழுப்பறை நிறைய பிஸ்கட் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகூடப் போகாத மனுஷன். இதயத்தில் அடைப்பு. அவர் பிழைத்துக்கொண்டார். இவள்தான் அன்று மாலையே ராஜினாமா எழுதினாள்.

புருஷன் லிப்ட் கம்பெனியில் எஞ்சினியர். "நீ விட்டா நானும் விடறேன்" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை அவனுடைய ராஜினாமாவும் தட்டச்சாகித் தயாராக இருந்ததாம், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவனுடைய மேனேஜர் அதை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்து அனுப்பினார். "கிறுக்கு தெளிஞ்சதும் வா. உன் நாற்காலி காலியாத்தான் இருக்கும்."

புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். விடுப்பு முடிவதற்குள் கடை தன் காலில் நின்றால் இங்கேயே இருப்பது. இல்லையென்றால் மூட்டையைக் கட்டுவது. இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் துளி பயம் இல்லை. அவன் குரலில் இருந்தது.

கடையைப் பிரமாதமாகத்தான் அமைத்தார்கள். வெள்ளை ஓடு பதித்த தரை, வெள்ளை விளக்கு, கண்ணாடிக் கதவு, வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். பின்கட்டில் அரைக்கும் இயந்திரம். அதை அவன் பிரித்துப் போட்டு மாட்டினான், மறுபடி பிரித்தான். "லிப்ட் நின்னா ஊரே போன் பண்ணித் திட்டும்மா. இது நின்னா நான் மட்டும்தான் திட்டணும்" என்று அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவளோ சுத்தம் முக்கியம் என்று முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு, தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை போட்டுக்கொண்டாள். வாசலில் பச்சை எழுத்தில் 'ஆரோக்கியம்' என்று பெரிய பலகை. எனக்குப் பொழுது போகட்டும் என்று ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டுத் தந்தாள்.

கதவைத் திறந்த காலையில் முதல் ஆள் வந்தார். அவள் முகம் மலர்ந்தது. அவர் கட்டைவிரலை நீட்டி, கட்டுப் போட வேண்டும் என்றார்.

அடுத்து வந்தவர் நாக்கை நீட்டினார். இன்னொரு பெரியவர் நேராக என் எதிரில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். சுருட்டிவிட்டாரே என்று உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்து ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினேன். அந்த வாரமே அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் விழுந்துவிட்டது.

உண்மையாகவே வாங்க வந்தவர்களையும் அவள் விடவில்லை. பழைய வேலை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தேன் வேண்டும் என்று ஒருத்தி வந்தால், "வயசு என்ன? சுகர் இருக்கா? வீட்ல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை?" என்று ஆரம்பித்துவிடுவாள். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசை. தேன் கேட்டவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கில்லீங்க, எதிர் வீட்டுக்காரங்களுக்கு" என்று சொல்லி வாங்காமலே போய்விட்டாள். எதிரே பேருந்து நிறுத்தம் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தக் கடைக்குள் நுழைந்தால் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

மாதங்கள் ஓடின. விடுப்பு முடிகிற வாரமும் வந்தது. வெள்ளிக்கிழமை மேனேஜருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் ஜாடிகளைத் துடைத்தபடியே, "எந்த ஜாடியை முதல்ல பேக் பண்றது?" என்றான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடு" என்றாள் அவள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை மலைவண்டி டிரைவர் வந்தார். வளைவில்கூடப் பிரேக் போடமாட்டார் என்பதால் அவரை எல்லோரும் பிரேக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பூசணி விதை கேட்டார். இவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"சுகர் இருக்காண்ணே?"

"இருக்கு."

"பிரஷர்?"

"அதுவும் இருக்கு. ஹார்ட்டு, கிட்னி எல்லாம் இருக்கு. எழுதிக்கிட்டுச் சீக்கிரம் குடும்மா, வண்டி நிக்குது."

மனுஷன் கேலியாகச் சொன்னார். வாசலில் நின்ற கண்டக்டர் காதில் அது கேலியாக விழவில்லை. போதாக்குறைக்கு அவள் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு இதயம் வரைந்திருந்தது. அன்று மாலைக்குள் பணிமனை முழுக்க, நம்ம அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு, டாக்டரம்மா மருந்து கொடுத்துவிட்டாள் என்று பரவிவிட்டது. மேலதிகாரி அவரை மலைத்தடத்திலிருந்து இறக்கி, முழுப் பரிசோதனை முடித்துவிட்டு வா என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அதே வண்டி வந்து நின்றது. வேறொருவர் ஓட்டினார். பிரேக்கண்ணன் பயணிகளோடு பயணியாக இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டாக்டரம்மா, ஒரு வார்த்தை வெளியில வாங்க."

அவள் வந்தாள். கூடவே அவனும் நானும் வந்தோம்.

"ஒரு பொட்டலம் விதை வாங்கினதுக்கு என்னை வண்டியிலேர்ந்தே இறக்கிட்டாங்க. ரத்தம், ஒண்ணுக்கு, படம் எல்லாம் எடுத்தாச்சு. போதுமா?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, நான் டாக்டரே இல்லையே. நான் எங்கேயும் அப்படிச் சொல்லவும் இல்லை."

"சொல்லலையா? வாசல்ல ஆரோக்கியம்னு பலகை. உள்ளே நர்ஸம்மா உக்காந்திருக்காங்க. நீ வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு, உனக்கு என்ன நோய், உங்கப்பனுக்கு என்ன நோய்னு கேக்கற. இன்னும் ஊசி ஒண்ணுதான் குத்தலை."

அவள் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவள் ஒரு நிமிடம் தன் கோட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். இதற்கெல்லாம் விளக்கம் எதற்கு?

திரும்பி வந்தபோது கோட்டும் தொப்பியும் கல்லாவின் மேல் கிடந்தன. "பணிமனைக்கு நானே வந்து பேசறேண்ணே. இப்போ உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கேக்காம இரு, அதுதான் வேணும். ரத்தம் எடுக்கணும்னு ராத்திரிலேர்ந்து பட்டினி போட்டுட்டாங்க. பசி உயிர் போகுது."

"பசிக்குதா?" என்றாள் அவள். அந்தக் கடையில் அவள் யாரையும் அந்தக் கேள்வி கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

காலையில் சுட்ட தவிட்டு ரொட்டியை இரண்டு கனத்த துண்டாக வெட்டினாள். அப்போதுதான் அரைத்து இறக்கியிருந்த கடலை வெண்ணெயைத் தாராளமாகத் தடவினாள். மேலே வாழைப்பழத் துண்டுகள், அதன்மேல் தேன். காகிதத்தில் வைத்து நீட்டினாள். அவர் சாலையோரமே நின்று கடித்தார். இரண்டாவது துண்டுக்கும் கை நீட்டினார்.

என்ஜின் ஆறுவதற்காக வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல்களில் தலைகள் வரிசையாக வெளியே வந்தன.

"அண்ணே, என்ன அது?"

"கேள்வி கேக்காதே. வாங்கித் தின்னு."

"எங்க கிடைக்குது?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? இதோ நிக்குதே என் தங்கச்சி."

பிறகு நடந்தது தள்ளுமுள்ளுதான். ஒருவர் இறங்கினார், நாலு பேர் இறங்கினார்கள், பாதி வண்டி இறங்கிவிட்டது. அவன் பின்கட்டுக்கு ஓடி இயந்திரத்தை முடுக்கினான். நான் கையைக் கழுவிக்கொண்டு ரொட்டி வெட்டினேன். வார்டில் ஒரே நேரத்தில் முப்பது கட்டிலுக்கு மருந்து கொடுத்த கைக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? அவள் முழங்கை வரை கடலை பூசிக்கொண்டு, "உங்களுக்கு? உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒருவரிடமும் வயது கேட்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கடைசியில் அவரே வந்து வரிசையில் நின்றார். "உனக்குக் கிடையாது, வதந்தி வாயா" என்றார் பிரேக்கண்ணன். ஆனாலும் தன் பங்கிலிருந்து ஒரு விள்ளல் பிட்டுக் கொடுத்தார்.

வண்டி போனதும் அவள் நடுச்சாலையில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். அடுத்த வண்டி வருவதற்குள் மேசையை வெளியே இழுத்துப் போட்டாள். அவன் ஏணி வைத்துப் பலகையை இறக்கி, பச்சை எழுத்தின்மேல் வெள்ளை பூசி, 'ரொட்டி, கடலை வெண்ணெய், பழம்' என்று எழுதினான். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் தூரத்திலிருந்து படிக்க முடிந்தது.

சொன்னபடி அவள் பணிமனைக்கும் போனாள், ஒரு கூடை ரொட்டியோடு. அதிகாரியிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. காலிக் கூடையோடு திரும்பினாள். ஆஸ்பத்திரி முடிவும் வந்தது. பிரேக்கண்ணனுக்கு ஒரு நோயும் இல்லை, உடம்பு கல் மாதிரி இருக்கிறதாம்.

புதனும் வியாழனும் நாங்கள் உட்காரவே இல்லை. நின்ற வண்டியோடு அவள் திருப்தியடையவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மலைவண்டியிலேயே ஏறி, அடுத்த நிறுத்தம் வரை விற்றுக்கொண்டே போய், எதிரே இறங்கி வருகிற வண்டியில் விற்றுக்கொண்டே திரும்பினாள். பயணிகளில் சிலர் கடைக்குள்ளும் வந்து ஜாடிகளைத் திறந்து மோந்து பார்த்தார்கள். தேன் கேட்டு முன்பு ஓடிப்போனவள் இரண்டு பாட்டில் வாங்கினாள். எதிர் வீட்டுக்கும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிரேக்கண்ணன் தன் வண்டியைத் தானே ஓட்டிவந்து, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஹாரன் அடித்து நிறுத்தினார். பயங்கரக் கூட்டம். அவள் தட்டோடு வண்டியில் ஏறிவிட்டாள். வண்டி நகர்ந்த நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் இரண்டு கையும் கடலை வெண்ணெய். நான்தான் எடுத்து அவன் காதில் பிடித்தேன். மேனேஜர் பேசுவது எனக்கும் கேட்டது.

"என்னப்பா, திங்கட்கிழமை வர்றியா?"

"சார், ஒரு நிமிஷம். ஐயா, உங்களுக்குத் தேன் வேணுமா வேண்டாமா?"

"யாருகிட்ட பேசற?"

"வரிசைல நிக்கறவர்கிட்ட சார்." அவன் வரிசையைப் பார்த்தான். அடுத்த வண்டிக்கு நிற்கிறவர்களும் சேர்ந்து அது பேருந்து நிழற்குடையைத் தாண்டி வளைந்து நின்றது. "இல்ல சார், நான் வரலை. அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

மறுமுனையில் மேனேஜர் சிரிப்பது கேட்டது. பிறகு, "சரி, அந்தப் பக்கம் வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வை" என்றார்.

போனை நான் பைக்குள் போடுவதற்குள் அவனுக்குப் பொறுக்கவில்லை. இதை அவளிடம் உடனே சொல்லியாக வேண்டுமாம். வரிசையில் நின்ற ஒருவரிடம் பைக் சாவியை வாங்கிக்கொண்டு மலைப்பாதையில் பறந்துவிட்டான். அங்கே நடந்ததைக் கண்டக்டர்தான் பிறகு சொன்னார். மூன்றாவது வளைவில் குறுக்கே போய் வண்டியை மறித்திருக்கிறான். பிரேக்கண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக வளைவில் பிரேக் போட்டிருக்கிறார். இவன் மூச்சிரைக்க ஏறி, "சொல்லிட்டேன், போகலைன்னு சொல்லிட்டேன்" என்றானாம். வண்டியே கைதட்டியதாம்.

அவள் ஒரு கையில் தட்டோடு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக் கேட்டாளாம்:

"அப்போ கடைல யாரு இருக்கா?"