விருந்துச் சீட்டு இல்லாத உறை

அம்மாவுக்குக் கல்யாணப் பத்திரிகை என்றாலே குமட்டும். அச்சகத்தின் பின்னறையில் பதினேழு வருடம் அவற்றை மடித்து, உறையிலிட்டு, ஒட்டி, தபால்தலை பதித்து அனுப்பியவள் அவள். ஜிகினாத்தூள் நகக்கண்ணில் ஏறி, சாப்பாட்டுத் தட்டு வரை கூடவே வரும். உறை விளிம்பின் பசையை நனைக்க வைத்திருந்த பஞ்சு கிண்ணத்தில் ஊறி ஊறி, செத்த எலியாக நாறும். மாற்றித் தரச் சொன்னால், "பஞ்சு நாறினா பத்திரிகையா நாறப்போகுது?" என்பார் முதலாளி.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொறுக்காதது பட்டியல். கல்யாண வீட்டார் தரும் முகவரிப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். புள்ளி உள்ளவர்களுக்கு மட்டும் பத்திரிகையோடு ஒரு தடித்த அட்டை வைக்க வேண்டும். அது இரவு விருந்துக்கான சீட்டு. மற்றவர்கள் வாழ்த்திவிட்டு வந்த வழியே போக வேண்டியதுதான். சீட்டோடு இருபத்தாறு கிராம். இல்லாமல் இருபத்திரண்டு. அம்மாவுக்குத் தராசு வேண்டாம். யார் வேண்டியவர், யார் ஒப்புக்கு என்று உறையைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து மகளிடமும் இந்தக் கணக்கைச் சொல்வாள்.

அந்த வாரம் வந்தது அவளுடைய அண்ணன் மகளின் பத்திரிகை. அண்ணன் முதலாளியிடம் போனிலேயே பேசி வேலையைக் கொடுத்திருந்தார். தங்கை ஏதோ ஓர் அச்சகத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்பதோடு அவருடைய விசாரிப்பு நின்றிருந்தது; எந்த அச்சகம் என்று கேட்டதில்லை. இரண்டு நாள் முன்புதான் அவளையும் கூப்பிட்டிருந்தார்.

"நீ இல்லாம என் வீட்ல கல்யாணமா? முதல் பத்திரிகை உனக்குத்தான்மா."

அம்மா நம்பினாள். இருப்பதில் நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

பட்டியல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் தன் பெயரைத் தேடினாள். இல்லை. இரண்டில், மூன்றில், இல்லை. கூட வேலை செய்பவளுக்குக் கத்தரி என்று பெயர். விளிம்பு வெட்டுகிறவள், வாயும் அப்படித்தான்.

"என்னக்கா, பரீட்சை ரிசல்ட்டா பாக்கறே?"

ஏழாம் பக்கத்தில் இருந்தது. அண்ணனின் பல் டாக்டருக்கும் கார் மெக்கானிக்குக்கும் கீழே. டாக்டருக்குப் புள்ளி. மெக்கானிக்குக்கும் புள்ளி. அவளுக்கு இல்லை.

கத்தரி எட்டிப் பார்த்தாள். "மறந்திருப்பாங்கக்கா."

"மெக்கானிக்க ஞாபகம் இருக்கே."

மறுநாள் மதியம், வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க அண்ணனே வந்தார். பின்னறை வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டவர், அவளைக் கண்டதும் கையை இறக்கினார்.

"நீ... இங்கயா இருக்கே?"

"பதினேழு வருஷமா இங்கதாண்ணே."

மேசையில் ஏழாம் பக்கம் விரிந்து கிடந்தது. அவரும் பார்த்துவிட்டார்.

"அட, இது உங்க அண்ணி போட்ட பட்டியல். மண்டபத்துல இடம் குறைச்சல்னு ஏதோ... மனசுல வச்சுக்காதே." குரலைத் தாழ்த்தினார். "சீட்டுதான் உன் கைல கட்டுக்கட்டா இருக்கே. நீயே ஒண்ணு எடுத்து உள்ள வச்சுக்கயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

கத்தரி வெட்டுகிற சத்தம் நின்றது.

அம்மா பஞ்சுக் கிண்ணத்தை அருகில் இழுத்தாள். தன் பெயர் எழுதிய உறையை எடுத்தாள். பத்திரிகையை மட்டும் உள்ளே தள்ளினாள். விளிம்பை நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி இழுத்தாள்.

"புள்ளி இல்லாத உறைல சீட்டு வச்சா என் வேலை தப்பாயிடும்ணே."

"அண்ணன் நான் சொல்றேன்ல?"

"அண்ணன் கூப்பிடறதா இருந்தா புள்ளி வச்சிருப்பாரு."

உறையைத் தபால் கட்டுக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

நான்கு நாளில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவள் பிரிக்கவில்லை. கல்யாணத்தன்று வேறு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ உறை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா இறந்த அன்று அண்ணன்தான் முதல் ஆளாக வந்தார். "என் உசுருக்கு உசுரா இருந்தவளாச்சே!" என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதார். சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து உள்ளே போனாள்.

அலமாரியில், மடிப்புக் கலையாத அந்த உடுப்புக்கு அடியில் உறை இருந்தது. மறுவாரம் வேலைக்குப் போனபோது எடுத்துச் சென்று தராசில் வைத்தாள். இருபத்திரண்டு கிராம்.

பிரிக்காமலே கொண்டுவந்து, இருந்த இடத்தில் வைத்தாள்.