கஞ்சா மட்டும்தான்

யுத்த காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழனைப் பொலிஸ் பிடித்தால், எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த அண்ணனைச் சோதனைச் சாவடியில் மறித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து சொன்னபோது, அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்ட அந்தோனியாரே, பிள்ளையைக் காப்பாத்து" என்று புலம்பிக்கொண்டே என்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார்.

அங்கிருந்த சார்ஜன்ட் சிரித்துக்கொண்டு, "பய வென்ன எப்பா அம்மே, கஞ்சா விதரய்" என்றார். பயப்படாதே, கஞ்சா மட்டும்தான் என்று. அண்ணனின் சட்டைப் பையில் ஒரு சின்னச் சுருள் இருந்ததாம். அம்மா அந்த மனிசனைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கஞ்சாதானாம் பிள்ளை! புலிக் கேஸ் இல்லையாம்!" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மகன் கஞ்சாவோடு பிடிபட்டதற்கு நன்றி சொன்ன தாயை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

எனக்கு வந்ததோ பொல்லாத கோபம். உள்ளே வாங்குப் பலகையில் இருந்த அண்ணனின் உதடு வெடித்திருந்தது, ஒரு காது வீங்கியிருந்தது. "ஒரு சுருளுக்கு இப்பிடியா அடிக்கிறது?" என்று நான் கத்த, அம்மா என் வாயைப் பொத்தினார்.

"சும்மா இரடி. அடியோட போச்சே, அதுவே பெரிய காரியம்."

அடியோடு போகவில்லை. அடுத்த நாள் பிணையில் விட்டார்கள். ஆனால் கோட்டில் குற்றவாளி என்று பதிவானால் துறைமுகத்துக்குள் போகிற பாஸைப் பறித்துவிடுவார்கள். பாஸ் போனால் வேலையும் போகும். வெள்ளவத்தையில் நான் டைப்பிஸ்டாக வாங்கிய சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது.

கப்பலின் அடித்தட்டில் மூட்டை சுமந்த முதுகு அவனுடையது. நோவு தாங்காமல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பேசாமல் படுத்துத் தூங்குவான். ஒருவரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அப்பா குடித்தது சாராயம். அம்மாவின் கையை முறித்தார், கடைசியில் ஈரல் கெட்டுச் செத்தார். அவர் குடித்த கடை லைசன்ஸோடு தெருமுனையில் ஜாம் ஜாமென்று நடந்தது. இதே கஞ்சா இலையை நாட்டு வைத்தியர் லேகியத்தில் போட்டால் மருந்து, என் அண்ணன் பையில் போட்டால் குற்றம். என்ன கண்டறியாத சட்டமோ!

லோயர் ஒரு வழி சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், ஆள் நல்லவன் என்று வேலைத்தலத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னால், நீதவான் மனது வைத்து, பதியாமல் எச்சரித்து விடலாம். அண்ணனுக்கு மேலே இருந்து வேலை வாங்கிய போர்மன் சிங்களவர். கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பொலிஸ் பிடித்த தமிழனுக்காக அவர் வருவாரா? "கேக்கவே வேண்டாம்" என்றான் அண்ணன். நான் போய்க் கேட்டேன். என் உடைந்த சிங்களத்தைக் கேட்டு அந்த மனிசன் சிரித்தார். எங்கள் ஊரில் இதைக் கோழிக்கறிக்கே போடுவார்கள் தங்கச்சி, உன் அண்ணன் நல்ல பிள்ளை, நான் வருகிறேன் என்றார்.

சொன்னபடியே புதுக்கடைக் கோட்டுக்கு வந்து, இவனைப் போல நம்பிக்கையான வேலைக்காரன் என்னிடம் இல்லை என்றும் சொன்னார். நீதவான் அண்ணனை எச்சரித்து, பதியாமல் விட்டார். பாஸ் தப்பியது.

கோட்டில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். அவள் புருஷன் மட்டக்குளியில் ஓட்டோ ஓடுகிறவர். அவரிடமும் ஒரு சுருள்தான், அவருக்கும் அதே அடிதான். பொலிஸுக்குப் பயந்து, அவருக்காகப் பேச ஒருவரும் வரவில்லை. கேஸ் அடுத்த தவணைக்குப் போனது. ஆனாலும் எங்களுடைய ஆள் தப்பியதற்கு அவள் சந்தோஷப்பட்டு, தன் பையிலிருந்த இனிப்புப் பணிஸைப் பிய்த்து எங்களுக்கும் தந்தாள். வாங்கி, தின்னாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "அந்தாளுக்கும் கதைக்க ஆள் வேணும்" என்றான்.

"உனக்கென்ன விசரா? தப்பினது காணாதா?" என்று அம்மா பாய்ந்தார்.

அவன் கேட்கவில்லை. மட்டக்குளி ஓட்டோத் தரிப்பிடத்துக்குப் போய், தன் வீங்கிய காதையே காட்டி, எனக்காக ஒருவர் பேசினார், இன்றைக்கு நான் வேலைக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருக்கிறான்.

தவணை நாளில் ஓட்டோக்காரர்கள் ஒரு வாங்கு நிறைய வந்திருந்தார்கள். வரவே மாட்டேன் என்ற அம்மாவும் நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்திருந்தார். இவருக்காகப் பேச வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் நீதவான். சுவரோரம் பொலிஸ்காரர்கள் நின்றார்கள். ஓட்டோக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

அம்மா எழுந்து நின்றார்.

நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அந்தாளை உங்களுக்குத் தெரியவே தெரியாது!"

"அந்தாள்ட பெண்சாதியைத் தெரியும்" என்றார் அம்மா, மறுபடி வாங்கில் இருக்காமலே.

அடுத்து அண்ணன் எழுந்தான். பிறகு அந்த வாங்கு முழுதும் எழுந்தது. அந்தப் பெண்ணின் புருஷனை அன்றைக்கே விட்டார்கள்.