தோளில் இருந்த கைகள்

என் மனைவி அன்புசெல்வி யாரையும் அழகாக்கிவிடுவாள். இதைச் சொன்னால் எங்கள் சாரம் பகுதியில் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் ஊரில் எது நடந்தாலும் முதலில் பேனர் நின்றாக வேண்டும். தடை என்பார்கள், மறுநாள் இன்னும் பெரிதாக ஒன்று நிற்கும். வைத்திலிங்கத்தின் ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வருடக்கணக்காக அவற்றைச் செய்தவள் இவள். கறுப்பாக இருப்பவரைச் சிவப்பாக்குவாள். மூடிய கண்ணைத் திறப்பாள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினால் பிரிண்டுக்குப் போகும்.

நான் ஏசி மெக்கானிக். குளிர்கிறதா, இல்லையா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. கலைக்கும் எனக்கும் அவ்வளவு தூரம். இவள் ஓவியத்தில் இளங்கலை முடித்துவிட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், முதுகலை படிக்கப் போகிறேன் என்றாள். அதைப் படித்தால் பேனரில் பெயர் போடுவார்களா என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுவரைக்கும் யாராவது கேட்டதத்தான் செஞ்சிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு வரைய வருமான்னு பார்க்கணுங்க" என்றாள்.

கடை வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தாள்.

முதல் வருடம் படுமோசம். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை, அதுதான் கஷ்டமே. வேலை இன்னது என்று சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவாள். அவளுடைய வழிகாட்டி மதிவாணன் சார் சொல்லவே மாட்டார். ஒரு படத்தைக் கொண்டுபோய் ஓகேவா சார் என்று நிற்பாள். நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்பாராம். அவர் புருவம் சுருங்கியது போல் இருந்தால் நிறத்தை மாற்றி மறுபடி கொண்டுபோவாள். அப்போதும் அதே கேள்விதான். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லத்தானே அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் நான் கத்தினேன்.

பிறகு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கண்ணகி அக்காவை ஆள் உயரத்துக்கு வரைந்தாள். கூடை, ஈரப் புடவை, கையில் கத்தி. பார்த்தால் நின்று பேரம் பேசத் தோன்றும். கண்ணகி அக்கா அதைப் போனில் பிடித்துக்கொண்டு போய்த் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டியது. மதிவாணன் சார் மட்டும் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார், கன்னத்தில் இருந்த தழும்பு எங்கே என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணகி அக்காவின் இடது கன்னத்தில் காதுவரைக்கும் ஒரு தழும்பு உண்டு. தெருவுக்கே தெரியும். அதை விட்டுவிட வேண்டும் என்று இவள் நினைக்கவே இல்லை. கை தானாக அழித்திருக்கிறது. அந்த அக்காவுக்கே சந்தோஷம், இவருக்கு என்ன வந்தது என்றேன்.

"அவங்க சந்தோஷம் வேற. நான் அவங்களப் பார்க்கவே இல்லீங்க. பார்க்காமலே வரைஞ்சிருக்கேன்."

கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். சுவரில் மாட்டினாள். வாரக்கணக்கில் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. இன்னும் எதையெல்லாம் அழித்திருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். எனக்குப் பயமாக இருந்தது. படிக்கப் போய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் மாமியார் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது?

ஒரு நாள் கொக்கு பார்க் சிக்னலில் வண்டி நின்றது. எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளை அழுத்தி, தான் அழித்தது கைகளை என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் வயதான பெண்கள் இறந்துபோனால், அவர்களுக்குத் தனியாக எடுத்த படமே பெரும்பாலும் இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்ற படத்தைத்தான் வீட்டார் அனுப்புவார்கள். இவள் அந்த ஒருத்தியை மட்டும் வெட்டி எடுப்பாள். பக்கத்தில் நின்றவர்கள் போய்விடுவார்கள், அவர்களுடைய கை மட்டும் தோளிலோ முழங்கையிலோ மிச்சம் இருக்கும். அந்த விரல்களைப் புடவை நிறத்தால் மூடிவிட்டு, பின்னால் மேகத்தையும் ஒரு புறாவையும் வைப்பாள். யாருமே தொடாதவளைப் போல அந்த அம்மாள் வானத்தில் நிற்பாள்.

மறுநாளே கடைக்குப் போய், பழைய படங்களைப் பார்க்கலாமா என்று வைத்திலிங்கத்திடம் கேட்டாள். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் எல்லாம் கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார்.

அதற்குப் பிறகு இவள் யாரிடமும் ஓகேவா என்று போய் நிற்கவில்லை. மதிவாணன் சார் ஒரு முறை எட்டிப் பார்க்க வந்தபோது, முடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம். என்னிடமும் காட்டவில்லை. விரல்களில் கரி அப்பிக்கொண்டு வருவாள், கழுவுவாள், சாப்பிடுவாள்.

இறுதியாண்டு ஓவியக் கண்காட்சிக்கு நான் போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. சுவர் முழுக்க ஆள் உயர வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றிலும் கரியால் வரைந்த கை மட்டும், பழைய படத்தில் தோளிலோ முழங்கையிலோ அது இருந்த அதே உயரத்தில். மருதாணி வைத்த ஒரு கை. முந்தானையைப் பிடித்திருக்கும் ஒரு குழந்தையின் முஷ்டி. கடிகாரம் தளர்ந்து தொங்கும் ஒரு மணிக்கட்டு. நடுவில் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளிலும் ஒருத்தி நிற்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு ரசம் வைத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டு, இதை எங்கே வைத்திருந்தாள் இவள்? இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இவளை எனக்குத் தெரியவில்லை என்று நினைத்தபோது பயமும் வந்தது, பெருமையும் வந்தது.

வைத்திலிங்கம் அரியாங்குப்பத்து வீட்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலாளி நடை மாறவில்லை. சைஸ் நன்றாக வந்திருக்கிறது, தாள் என்ன விலை என்று கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு படத்தின் முன்னால் நின்றார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது என் கைம்மா" என்றார்.

அவருடைய அம்மா செல்வாம்பாள் தவறியபோது பேனர் அவர் கடையிலேயே தயாரானது. தோளில் கை அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று இவள் பக்கத்தில் நின்று சொன்னவரும் அவர்தான். இப்போது கண் கலங்கிவிட்டது.

"மேல அம்மா மூஞ்சிய வெச்சிடும்மா. கடையிலதான் இருக்கு, நானே பிரிண்ட் போட்டு எடுத்தாறேன்."

மதிப்பெண் போட வந்த தேர்வாளர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். மதிவாணன் சார் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவள் சரி என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வருடக்கணக்காகச் சோறு போட்ட மனிதர், அம்மாவை நினைத்து அழுகிறார். நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். இவள் அவரையும் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை. படத்தையே பார்த்தாள்.

"வேணாண்ணா. மூஞ்சி வெச்சா எல்லாரும் அதத்தான் பார்ப்பாங்க. நீங்க காணாம போயிடுவீங்க. இது இப்டியே இருக்கட்டும்."

சொன்னதை மாற்றவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் இன்னும் கிட்டப் போனார்.

"அன்னிக்கு அம்மாவால நிக்கவே முடியலம்மா" என்றார். "எல்லாரும் போட்டோக்குக் கூப்டாங்க. வுழுந்துடக் கூடாதுன்னு புடிச்சிக்கினு நின்னேன்."

நான் திரும்பவும் படத்தைப் பார்த்தேன். அந்தக் கை தோளில் சும்மா கிடக்கவில்லை. விரல்கள் இறுகியிருந்தன, அழுத்தத்தில் நகங்கள் வெளுத்திருந்தன. யாரும் சொல்லாமலே அவள் அதைப் பார்த்திருந்தாள்.