விழுவதற்கு முன்னால்

வரப்போகும் ஆபத்தைச் சொல்லும் வேலை, சாவு விழுமுன்னே துக்கம் கேட்கப் போவது மாதிரி. யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கொடைக்கானலில் ஒரு நிவாரணக் குழுவுக்காக அதைத்தான் செய்தேன். கடற்கரையில் புயல் அடித்தால் மலையிலும் மழை கொட்டும், மண் சரியும். அதற்குள் ஊர்களைத் தயார்ப்படுத்த வேண்டும். இப்படி ஊர் ஊராகப் போய்த் திட்டு வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடல் எங்கே?

பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்களைக் கூட்டி, மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருங்கள், மண்ணைப் பிடித்து நிறுத்துகிற, மேட்டில் மிஞ்சிய சோலை மரங்களை வெட்டாதீர்கள் என்றேன். நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையேறினால் அந்த மழை இங்கேயும் வரும் என்றேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரியவரான வெங்கடசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கடல் எங்க கெடக்கு, நாங்க எங்க கெடக்கோம்? மீன் பிடிக்கிறவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க டீச்சர், எங்களுக்குச் சோலி இருக்கு.”

மனு

நாயுடுபுரத்துக்கு மேலே மதுரைக்காரர் ஒருவர் விடுதி கட்டச் சரிவை வெட்டி, மண்ணை அப்படியே ஓடையில் தள்ளினார். ஓடைக்குக் கீழே சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருந்தன. ஓடை அடைபட்டால் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள்தான் போகும். தாலுகா ஆபீஸ் அதிகாரியிடம் போனேன். டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமைதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

“இன்னும் ஒண்ணும் விழலையேம்மா. விழுந்தப்புறம் மனு குடுங்க, உடனே நடவடிக்கை எடுத்துரலாம்.”

பூட்டு

ஐப்பசியில் ரேடியோ புயல் என்றது. மறுநாள் மத்தியானமே ஓடை பொங்கி, வீடுகளுக்குள் சேறு வந்தது. எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஹெட்மாஸ்டர், பெஞ்செல்லாம் அழுக்காகிவிடும் என்றார். மழையில் பச்சைக் குழந்தைகள் நனைந்துகொண்டிருந்தன.

சந்தையில் கேரட் மூட்டை கட்டும் ராசம்மா, இடுப்பில் இருந்த பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். “போலீசைக் கூப்பிடுவேன்!” என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். அவள் மாமியாரைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டபடியே சொன்னாள்:

“கூப்புடுங்க சார், அவங்களும் நனையாம உள்ள வந்து நிக்கட்டும்.”

சேதம்

பொழுது சாயுமுன் சரிவு மொத்தமும் இறங்கியது. ராசம்மாவின் வீடு இருந்த இடத்தில் வெறும் சேறு. அடுப்பு, துணி, ஆடு எல்லாம் போயிற்று; ஆனால் ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை. மறுநாள் அதே அதிகாரி ஜீப்பில் வந்தார். செத்தவர் யாருமில்லை என்றதும் குடையை மடக்கினார். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த நான் மண்வெட்டியைத் தூர எறிந்தேன். கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ!

“உயிர்ச்சேதம் இல்லையா? அப்பச் சாதாரண மழைதாம்மா... அது கெடக்கட்டும், ஸ்கூல் பூட்டை உடைச்சது யாரு?”

நான்தான் என்று சொல்லி, சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். அழிந்த பிறகு அரிசி மூட்டையோடு வருகிறவருக்கு மாலை, அழியுமுன் வந்து கத்துகிறவளுக்குப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு என்பதுதான் எங்கள் தொழிலில் கிடைத்த மரியாதை.